ஹெல்மெட் வைசர் உள்பக்கம் ஆவி படிந்து மறைக்கிறது: நிலையான தீர்வு உண்டா?

விடியல்வண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தினமும் விடிவதற்கு முன் வேலைக்குப் புறப்பட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவன். போகவர இரண்டு மணி நேரம் ஹெல்மெட் தலையில்தான் இருக்கும். முகம் முழுவதையும் மூடும் வகை ஹெல்மெட் அது. வெயில் காலத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி இருந்த அதன் வைசர், அதாவது முகத்துக்கு முன்னே தூக்கி இறக்கும் ஒளிபுகும் மறைப்பு, மழையும் குளிரும் தொடங்கியதிலிருந்து என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒருவாறு சமாளித்துவிடுகிறேன். சிக்னலில் நின்றுவிட்டாலோ, நான்கைந்து மூச்சுக்குள் மூக்குக்கு நேர் எதிரே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு வட்டம் தோன்றி, அது விரிந்து விரிந்து பாதி வைசரை மூடிவிடுகிறது. விரலை உள்ளே விட்டுத் துடைத்தால் நீர் கோடுகோடாக இழுபடுகிறதே தவிர, பார்வை தெளிவதில்லை.

வைசரை முழுவதும் தூக்கிவிட்டு ஓட்டியும் பார்த்தேன். வேகத்தில் வரும் மழைத்துளி கண்ணில் படும்போது ஊசி குத்துவதைப் போலிருக்கிறது. போன வாரம் ஒரு பூச்சி நேராகக் கண்ணுக்குள் புகுந்து, சாலையோரம் பத்து நிமிடம் ஒற்றைக் கண்ணோடு நின்றேன். அதன் பிறகு திறந்து ஓட்டும் துணிச்சல் வரவில்லை.

பாத்திரம் கழுவும் திரவத்தைப் பூசினால் ஆவி படியாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் செய்தேன். இரண்டு நாள் அருமையாக இருந்தது. மூன்றாம் நாள் மழை உள்ளே தெறித்தபோது, அந்தத் திரவம் கரைந்து வழிந்து கண் எரிந்ததுதான் மிச்சம். இன்னொரு தொல்லையும் உண்டு. இரவில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கைச் சுற்றி நட்சத்திரம் வெடித்தாற்போல் ஒளி சிதறுகிறது. அதுவும் இந்த ஆவியால்தானா, வேறு காரணமா என்று தெரியவில்லை.

சந்தையில் தெளிப்பான், பசை, துடைப்பான், ஒட்டும் தாள் என்று எத்தனையோ வகை இருக்கின்றன. ஒவ்வொன்றாக வாங்கிப் பரிசோதிக்கும் பொறுமை எனக்கு இல்லை. அனுபவத்தில் எது நிலைத்தது, எது வீண் என்று பயன்படுத்தியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


காற்றுவழி எழுதியது:

நண்பரே, எதையும் வாங்குவதற்கு முன் இந்த ஆவி எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அது புரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சமாகும்.

நாம் வெளிவிடும் மூச்சு ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸ் சூட்டில், தாங்கக்கூடிய ஈரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு வருகிறது. அந்தச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 37 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராமைத்தான் வைத்துக்கொள்ள முடியும். 10 டிகிரியில் அது 9 கிராம் சொச்சமாகக் குறைந்துவிடும். வெளிக்காற்றும் மழையும் வைசரைக் குளிர்வித்து வைத்திருக்க, உள்ளிருந்து சூடான மூச்சு அதன் மேல் போய் மோதினால், தாங்க முடியாத மிச்ச ஈரம் அங்கேயே இறங்கிவிடுகிறது. சும்மா அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குக் கால் கிராம் அளவு நீரை மூச்சின் வழியே வெளியேற்றுகிறார். கிட்டத்தட்ட ஐந்து சொட்டு. கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் அந்த ஐந்து சொட்டும் ஆயிரக்கணக்கான நுண்துளிகளாகப் பிரிந்து வைசர் முழுவதும் உட்கார்ந்தால் எதிரே நிற்பது லாரியா மரமா என்று தெரியாது.

ஆகவே நமக்கு இருக்கும் வழிகள் மூன்றுதான். மூச்சு வைசரில் படாமல் திருப்பிவிடலாம்; பட்டாலும் தங்காமல் காற்றோட்டத்தால் துரத்தலாம்; அல்லது வைசரின் உள்பரப்பு குளிராதபடியோ, குளிர்ந்தாலும் துளி உருவாகாதபடியோ செய்யலாம். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியைச் சேர்ந்தவை. முதல் இரண்டுக்கும் காசு தேவையில்லை என்பதாலோ என்னவோ, அவற்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

உங்கள் ஹெல்மெட்டின் மூக்குப் பகுதியில், கறுப்பு ரப்பரிலோ துணியிலோ ஒரு சிறிய தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுவதுதான் அதற்கு வேலை. மூக்கை உறுத்துகிறது என்று பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நானும் முதல் ஹெல்மெட்டில் அந்தத் தவற்றைச் செய்தேன். தடுப்பு மூக்கின் பாலத்தில் இடைவெளி விடாமல் உட்கார வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்தில்தான் முதலில் வெள்ளை படரும். அடுத்து தாடைப் பகுதியிலுள்ள காற்றுத் துளையைக் கவனியுங்கள். பல ஹெல்மெட்டுகளில் அதன் மூடியை மேலேயோ கீழேயோ தள்ளினால் காற்று வாய்க்குப் போகாமல் வைசரின் உள்பரப்பை ஒட்டி மேலே ஏறும். மழை வருகிறதே என்று அதை அடைத்துவிடுவது இயல்புதான். ஆனால் மழையன்றுதான் அது அதிகம் தேவைப்படும். உச்சந்தலைத் துளையை வேண்டுமானால் அடைத்துக்கொள்ளுங்கள், நீர் இறங்குவது அந்த வழியாகத்தான். தாடைக்குக் கீழே துணித்திரை மாட்டியிருந்தால் ஆவித் தொல்லை உள்ள நாட்களில் அதைக் கழற்றிவிடுங்கள். குளிரை அது தடுக்கிறது என்பது உண்மை. மூச்சையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடுகிறது என்பதும் உண்மை. கழுத்தில் சுற்றிய துணி தாடைவரை ஏறியிருந்தாலும் விளைவு அதேதான்.

சிக்னலில் நிற்கும்போது வைசரை முழுவதும் திறக்க வேண்டியதில்லை. முதல் பல்லில், அதாவது ஒரு ‘டிக்’ சத்தம் கேட்கும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். கீழே ஒரு விரல் கனத்துக்கும் குறைவான இடைவெளிதான் உண்டாகும். படிந்த ஆவி விலக அது போதும். வண்டி நின்ற பிறகு தூக்குவதை விட, பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே தூக்கிவிடுவது நல்லது; படிந்ததைக் கலைப்பதற்கு ஆகும் நேரம், படியாமல் தடுப்பதற்கு ஆவதில்லை. மெதுவாக நகரும் நெரிசலில் மேலுதட்டைச் சற்று முன்னே நீட்டி மூச்சைக் கீழ்நோக்கி ஊதிப் பழகுங்கள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்!


கிக்ஸ்டார்ட் எழுதியது:

மேலே எழுதியவர் சொன்னது அத்தனையும் சரி. நான் பூச்சுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வகையில் நான் கெடுத்த வைசர்கள் மூன்று.

பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகளின் ஷாம்பு, சவர நுரை ஆகிய மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நீருக்குத் தன்னைத்தானே இழுத்துத் துளியாகத் திரளும் குணம் உண்டு. சோப்பு வகைகள் அந்த இழுவிசையைக் குறைத்துவிடுவதால், ஈரம் துளியாக நிற்காமல் மெல்லிய தகடுபோலப் பரவிவிடுகிறது. துளி ஒளியைச் சிதறடிக்கும், தகடு அப்படியே உள்ளே விடும். ஆகவே ஆவி படியாமல் இருப்பதில்லை, படிந்தது நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பூசும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒரு பட்டாணி அளவு போதும். அதை உள்பக்கம் முழுவதும் பரப்பி, சில நிமிடம் காயவிட்டு, மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் கண்ணுக்கு எதுவுமே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். துடைத்த பிறகும் ஒரு படலம் அங்கே மிஞ்சியிருக்கும், வேலை செய்வது அதுதான். தடிப்பாக விட்டுவைத்தால், விடியல்வண்டி நண்பருக்கு நேர்ந்ததுபோல், நீர் பட்டதும் கரைந்து கண்ணுக்கு வரும். எவ்வளவு ஒழுங்காகப் பூசினாலும் இரண்டு மூன்று நாளைக்கு மேல் நிற்காது. அவசரத்துக்கு உதவும் கைவைத்தியம் என்ற அளவில் இதை வைத்துக்கொள்ளலாம்.

கடையில் கிடைக்கும் தெளிப்பான்களின் தத்துவமும் பெரும்பாலும் இதுதான். சற்றுக் கூடுதல் நாள் நிற்கும், மணம் நன்றாக இருக்கும். ஹெல்மெட் வைசருக்கோ, வைசர் செய்யும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கோ உகந்தது என்று புட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். காரின் முன்கண்ணாடிக்கு விற்பதை இங்கே பூசாதீர்கள். அது கண்ணாடி, இது பிளாஸ்டிக்.

இந்த வேறுபாடு புரியாமல்தான் என் முதல் வைசர் பாழானது. அதன் மேல் ஒட்டியிருந்த தாரைப் போக்க, துணியில் பெட்ரோலைத் தொட்டுத் துடைத்தேன். தார் போனது, மனம் மகிழ்ந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கீல் மாட்டும் மூலையிலிருந்து சிலந்தி வலைபோல நுண்ணிய விரிசல்கள் கிளம்பியிருந்தன. பாலிகார்பனேட் அடி தாங்குவதில் கெட்டிக்காரன். ஆனால் பெட்ரோல், தின்னர், அசிட்டோன் போன்ற கரைப்பான்களிடம் தோற்றுப்போவான், அதிலும் வளைத்து இறுக்கி மாட்டிய இடங்களில் வெகு விரைவாக. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களும் அவனுக்கு ஆகாது. இரண்டாவது வைசரைப் பற்பசையால் தேய்த்துக் கெடுத்தேன். பற்பசையில் இருப்பது தேய்ப்புத் தூள். கீறலைப் போக்குகிறேன் என்று அதைத் தேய்த்தால், ஒரு பெரிய கீறலுக்குப் பதிலாக ஆயிரம் சின்னக் கீறல்கள் கிடைக்கும்.

மூன்றாவது கெட்ட கதை கொஞ்சம் வேறு. அதன் உள்பக்கத்தில் தயாரிப்பிலேயே ஆவி தடுக்கும் பூச்சு இருந்தது எனக்குத் தெரியாது. அவ்வகைப் பூச்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஈரமாக இருக்கும்போது அது மென்மையாகிவிடும். மழையில் நனைந்து வந்த அன்று, சட்டை நுனியால் உள்ளே அழுத்தித் துடைத்தேன். பூச்சு அங்கங்கே உரிந்து, மேகம் படிந்தாற்போல் நிரந்தரக் கறை நின்றுவிட்டது. ஆகவே நண்பரே, எதையும் பூசுவதற்கு முன் உங்கள் வைசரில் ஏற்கெனவே பூச்சு இருக்கிறதா என்று கையேட்டிலோ வைசரின் ஓரத்திலோ பாருங்கள். ஐ.நா.வின் ஹெல்மெட் விதி எண் 22 இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறது. ஆவியில் காட்டி 20 விநாடி வரை தெளிவு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாத வைசரில், ‘மிஸ்ட் ரிடார்டன்ட்’ (ஆவி படிவதைத் தாமதப்படுத்துவது) என்று பொறித்துக்கொள்ளலாம். 20 விநாடிதானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம், பூச்சில்லாத வைசர் ஒரே மூச்சில் வெளுத்துவிடும்.


விடியல்வண்டி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மூக்குத் தடுப்பு என் ஹெல்மெட்டில் இருந்தது. இடப்பக்கம் அதன் கொக்கி கழன்று தொங்கிக்கொண்டிருந்ததை இன்றைக்குத்தான் கவனித்தேன். வெள்ளை வட்டம் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே தொடங்குவதன் காரணம் இப்போது விளங்குகிறது. மாட்டிவிட்டேன்.

வைசரைக் கழற்றிக் கழுவும்போது இன்னொன்றையும் பார்த்தேன். இடவலமாக இரு ஓரங்களிலும், உள்பக்கம் நோக்கிப் பொத்தானைப் போலச் சிறிய முளை ஒவ்வொன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. அது எதற்கு? தவிர, நான் மூக்குக்கண்ணாடி அணிகிறவன் என்பதை முதலிலேயே சொல்ல மறந்துவிட்டேன். வைசர் தெளிந்தாலும் சில நேரம் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிடுகிறது.


நீள்சாலை எழுதியது:

அந்த இரண்டு முளைகள் இருப்பதைச் சொல்லியிருந்தால், முதல் பதிலிலேயே உங்கள் வேலை முடிந்திருக்கும்! அவை உள்தகடு மாட்டுவதற்கானவை. பின்லாக் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் பெயராலேயே அந்தத் தகட்டையும் எல்லோரும் பின்லாக் என்றே சொல்கிறார்கள். தொலைதூரம் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆவிக்கு நான் பார்த்த மருந்துகளில் நம்பகமானது இது ஒன்றுதான். பூச்சு, தெளிப்பான் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இது வேலை செய்யும் விதம் அழகானது. மெல்லிய ஒளிபுகும் தகடு ஒன்றின் விளிம்பைச் சுற்றிச் சிலிக்கோன் வரம்பு ஓடுகிறது. தகட்டை வைசரின் உள்ளே அந்த இரு முளைகளுக்கும் நடுவில் பொருத்தும்போது, சிலிக்கோன் வரம்பு வைசரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் ஒன்று சிறைப்படுகிறது. குளிர்நாடுகளில் வீட்டுச் சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி வைப்பார்களே, அதே தத்துவம்தான். வெளி வைசர் எவ்வளவு குளிர்ந்தாலும் நடுவிலுள்ள காற்று அந்தக் குளிரை உள்ளே விடாது. மூச்சு படுவது சூடாக இருக்கும் உள்தகட்டின் மேல். அது போதாதென்று, தகடும் ஈரத்தை உறிஞ்சும் பொருளால் ஆனது. தகடுகளில் 30, 70, 120 என்று தரம் பிரித்திருப்பார்கள். எண் ஏற ஏறத் தாக்குப்பிடிக்கும் நேரமும் கூடும். தகட்டின் ஓரத்தில் ஒரு குறியீட்டு எண்ணும் இருக்கும். வைசரின் மாதிரிக்கு ஏற்றபடி தகட்டின் வடிவம் மாறுவதால், கண்ணளவில் ஒத்துப்போகிறது என்று வேறொன்றை வாங்கிவிடாமல் அந்தக் குறியீட்டைச் சரிபார்த்து வாங்குங்கள்.

மாட்டும்போது நிதானம் வேண்டும். கையைக் கழுவிக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டிலிருந்து வைசரைக் கழற்றி, உள்பக்கத்தை வெறும் நீரால் கழுவி, ஒரு தூசியோ பஞ்சிழையோ இல்லாமல் காயவிடுங்கள். முன்பு பூசிய சோப்புப் படலம் மீதமிருந்தால் சிலிக்கோன் ஒட்டாது. சிலிக்கோன் வரம்பு உள்ள பக்கம் வைசரை நோக்கியிருக்க வேண்டும். தகட்டின் ஒரு முனையை ஒரு முளையில் வைத்துக்கொண்டு, வைசரை இரு கையாலும் மெதுவாக விரித்துத் தட்டையாக்கினால், மறுமுனை மற்ற முளைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். கையை எடுத்ததும் வைசர் தன் வளைவுக்குத் திரும்பி, தகட்டைத் தானே அணைத்துக்கொள்ளும். தகட்டின் மேல் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருந்தால் அதை உரித்துவிடுங்கள். உரிக்காமலே ஒரு மாதம் ஓட்டிவிட்டு, “இது என்ன இவ்வளவு மங்கலாக இருக்கிறது?” என்று கேட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

பிறகு வைசரை வெளிச்சத்தில் பிடித்துச் சிலிக்கோன் வரம்பை ஓரமாகச் சுற்றிப் பாருங்கள். வைசரோடு தொட்டிருக்கும் இடம் நனைந்த கோடுபோல அடர்த்தியாகத் தெரியும். தொடாத இடம் வெளிறித் தெரியும். அந்தக் கோடு எங்கும் அறுபடாமல் ஓட வேண்டும். அறுபட்டிருந்தால் அந்த இடைவெளி வழியே ஈரம் நுழைந்து, வைசருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஆவி படியும். அதை விரலால் துடைக்கவும் முடியாது, வைசரைத் திறந்து கலைக்கவும் முடியாது; ஆவியிலேயே கொடுமையானது அதுதான். அதற்கு மருந்து அந்த முளைகளிலேயே இருக்கிறது. பல வைசர்களில் முளையின் நடு அச்சு சற்று விலகி இருக்கும். அதைத் திருப்பினால் முளை தகட்டின் பக்கம் நெருங்கி வந்து இறுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் தகடு நெளிந்து, பார்ப்பதெல்லாம் அலையடிக்கும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இரவில் எதிர்வரும் விளக்குகள் சில கோணங்களில் இரட்டையாகத் தெரியும். தகட்டின் விளிம்பு ஓரப் பார்வையில் ஒரு கோடாக நிற்கும். இரண்டுக்கும் ஒரு வாரத்தில் கண் பழகிவிட்டது எனக்கு. தகடு மென்மையானது, எளிதில் கீறல் விழும். மணிக்கணக்காகக் கொட்டும் மழையில் அது உறிஞ்ச வேண்டியதையெல்லாம் உறிஞ்சி நிறைந்துபோனால், ஓரங்களில் நீர் தேங்கத் தொடங்கும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, நிழலில் காற்றாட உலரவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஹீட்டருக்கு முன்னாலோ அடுப்புக்குப் பக்கத்திலோ காட்டி உலர்த்தாதீர்கள்.


நாலுகண் எழுதியது:

மூக்குக்கண்ணாடிக்காரர்களின் சங்கத்திலிருந்து ஒரு குரல். நீள்சாலை ஐயா சொன்ன உள்தகடு வைசரைத்தான் காப்பாற்றும், நம் மூக்கின் மேலிருப்பதை அல்ல. நமக்கு மூக்குத் தடுப்பு ஒன்றே கதி. அது ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் இரண்டு கண்ணாடிகளும் சேர்ந்தே தெளியும். ஆகவே விடியல்வண்டி நண்பருக்கு அந்தக் கொக்கியை மாட்டியதிலேயே பாதி குணம் தெரிந்திருக்க வேண்டும்.

மீதிப் பாதி, புறப்படும் அந்த முதல் இரண்டு நிமிடங்களில் இருக்கிறது. வெளியே நின்ற வண்டியின் பெட்டியிலிருந்து எடுத்த சில்லென்ற மூக்குக்கண்ணாடியை அணிந்து, உடனே வைசரையும் மூடினால் வெளுக்கத்தான் செய்யும். நான் முதலில் ஹெல்மெட்டை மாட்டி, மூக்குக்கண்ணாடியைப் பிறகு செருகி, வண்டியைக் கிளப்பி, கையுறை போட்டு முடிக்கும்வரை வைசரைத் திறந்தே வைத்திருப்பேன். அதற்குள் முகத்தின் சூடு மூக்குக்கண்ணாடிக்கு ஏறிவிடும். கையுறையை முதலில் போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியோடு மல்லுக்கட்டிய காலமும் உண்டு. உள்ளே முகக்கவசம் அணிபவராக இருந்தால், அதன் மேல்விளிம்பிலுள்ள கம்பியை மூக்கோடு அழுத்தி வளைத்துவிடுங்கள். வளைக்காத முகக்கவசம் மூச்சு முழுவதையும் ஒன்றாகத் திரட்டி நேராகக் கண்ணுக்கே அனுப்பும்.


காற்றுவழி எழுதியது:

நண்பர் கேட்ட நட்சத்திர ஒளியைப் பற்றி யாரும் பேசாததால் திரும்ப வந்தேன். அது ஆவியால் வருவதல்ல என்றுதான் நினைக்கிறேன். ஆவி படிந்தால் ஒளி மொத்தமாகப் பால்போலக் கலங்கும். விளக்கைச் சுற்றிக் கதிர்கதிராக வெடித்தால் காரணம் பெரும்பாலும் கீறல்கள். இருட்டறையில் வைசரைப் பிடித்துக்கொண்டு, கைவிளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். பகலில் பளிங்குபோலத் தெரிந்த வைசரில், வட்டவட்டமாக நூற்றுக்கணக்கான நுண்கோடுகள் மின்னும். அவை பெரும்பாலும் நாமே போட்டவை. தூசி படிந்த வைசரைக் காய்ந்த துணியால் தினமும் துடைக்கும்போது, ஒவ்வொரு மணல் துகளும் ஒரு கோட்டை இழுக்கிறது.

ஆகவே காய்ந்த துடைப்பை விட்டுவிடுங்கள். பூச்சிகள் ஒட்டிக் காய்ந்திருந்தால், சுரண்டுவதை விட நீரில் நனைத்த மெல்லிய காகிதத்தை வைசரின் மேல் போர்த்திப் பத்து நிமிடம் விட்டுவிட்டால், அவை ஊறித் தாமாகவே கழன்று வரும். பிறகு வெதுவெதுப்பான நீரும், மிகச் சிறிதளவு மென்மையான சோப்பும், விரல் நுனியும் போதும். கடைசியாக மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஏற்கெனவே விழுந்த கீறலுக்கு மருந்து கிடையாது, வைசரை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது புகைநிற வைசரின் மேல் ஆசை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். முன்பு சொன்ன விதி எண் 22, 80 சதவீதத்துக்குக் குறைவான ஒளியை உள்ளே விடும் வைசரைப் பகல் நேரத்துக்கு மட்டும் என்று குறிக்கச் சொல்கிறது. விடிவதற்கு முன் போய் இருட்டிய பின் திரும்புகிற உங்களுக்கு அது ஒரு நாளும் உதவாது.

மழையில் வெளிப்பக்கம் தங்கும் துளிகளுக்குத் தனி வைத்தியம் எதுவும் நான் செய்வதில்லை. ஓரளவு வேகத்தில் தலையை இடமும் வலமுமாகத் திருப்பினால் காற்றே அவற்றை ஓரத்துக்குத் தள்ளிவிடும். சில கையுறைகளின் இடக்கைப் பெருவிரலில் அல்லது ஆள்காட்டி விரலில் ரப்பர் விளிம்பு தைத்திருப்பார்கள், அதுவும் நல்லது.


விடியல்வண்டி எழுதியது:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நீள்சாலை ஐயாவின் பதிலைப் படித்ததும் எனக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. பரண்மேல் கிடந்த ஹெல்மெட்டின் அட்டைப் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். உள்ளே, கையேட்டுக்கு அடியில், ஒரு தட்டையான உறை. வைசர் உடையாமல் இருக்கக் கொடுத்த அட்டை என்று நினைத்து அன்று நான் பிரிக்காமலே விட்டது, அந்த உள்தகடுதான். ஒன்றரை வருடம் பரணில் தூங்கியிருக்கிறது. அதற்குள் நான் வாங்கிக் குவித்த தெளிப்பான்களை எண்ணிப் பார்க்க விருப்பமில்லை.

ஐயா சொன்னபடியே கழுவி, காயவைத்து, மாட்டினேன். முதல் நாள் வலப்பக்க மேல்மூலையில் மட்டும் நடுவில் ஆவி நுழைந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அந்த இடத்தில் சிலிக்கோன் கோடு விரல் நகம் அளவுக்கு அறுபட்டிருந்தது. முளையைக் கால் சுற்றுத் திருப்பியதும் கோடு சேர்ந்துவிட்டது. நேற்று விடியற்காலை நல்ல மழை. நெரிசலில் நீண்ட நேரம் நின்றேன். உள்தகட்டைச் சுற்றி, அது மூடாத ஓரங்களில் மட்டும் வைசர் வெள்ளையாக வெளுத்து நிற்க, நடுவில் படச்சட்டம் போட்டாற்போல் சாலை தெளிவாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி ஒருமுறை லேசாக மங்கியது. ஒரு ‘டிக்’ தூக்கியதும் விலகிவிட்டது.

கைவிளக்குச் சோதனையையும் செய்தேன். வைசரில் கீறல் இல்லாத இடமே இல்லை. புதிய வைசருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தகட்டையே கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாமா?


நீள்சாலை எழுதியது:

புதிய வைசர் அதே மாதிரிக்கு உரியதாகவும், முளைகள் உள்ளதாகவும் இருந்தால் தாராளமாக மாட்டலாம். முளைகள் இல்லாமலும் விற்கிறார்கள், வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது நகத்தால் நெம்பாமல், வைசரை விரித்து முளையிலிருந்து விடுவியுங்கள். இரவு வீட்டுக்கு வந்ததும் வைசரைத் திறந்த நிலையிலேயே ஹெல்மெட்டை வையுங்கள். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு மழையில் நனைந்திருந்தால் அதையும் கழற்றி உலர்த்திவிடுங்கள், ஈரப் பஞ்சோடு மூடி வைத்த ஹெல்மெட் மறுநாள் காலை நீங்கள் மூச்சு விடுவதற்கு முன்பே வெளுத்திருக்கும்.